உடைந்த கையில் பிட்ட அப்பம்

பூசையில் எழுந்தேற்றம் என்று ஒரு நேரம் உண்டு. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட மெல்லிய வெள்ளை அப்பத்தைக் குருவானவர் இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்துவார். மணி அடிக்கும். கோவில் முழுக்க முழந்தாளில் இருக்கும். அந்த நேரத்தில் கைக்குழந்தைகூட அழாது என்று என் பாட்டி சொல்வாள். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் அவர்கள் அறிந்த ஆழமான அமைதி அந்தச் சில நொடிகள்தான் என்பார்கள்.

அந்த அமைதியில்தான் அருட்தந்தை மைக்கேல் கெரிகன் நொறுங்கிப்போகிறார்.

பிபிசி தொலைக்காட்சியில் 2017 மே 30 அன்று தொடங்கி ஆறு வாரங்கள் ஒளிபரப்பான ‘புரோக்கன்’ தொடரின் நாயகன் அவர். வட இங்கிலாந்தில், பெயர் சொல்லப்படாத ஒரு நகரத்தில், வறுமை தின்றுகொண்டிருக்கும் ஒரு பங்கின் பங்குச்சாமி. நடித்தவர் ஷான் பீன். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படத்தில் போரோமிராகவும் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் நெட் ஸ்டார்க்காகவும் வந்தவர் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் உடனே அடையாளம் சொல்லிவிடுவார்கள். வாளோடு பார்த்துப் பழகிய அந்தக் கைகள் இங்கே ஒரு துண்டு அப்பத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் தவிக்கின்றன. பையனாக இருந்தபோது ஒரு குருவானவர் கையில் பட்ட கொடுமை, வீட்டில் வாங்கிய வசவு, வாலிபத்தில் பெண்களிடம் தான் நடந்துகொண்ட கேவலமான விதம் எல்லாம் சரியாக அந்த நேரம் பார்த்து வந்து மோதுகின்றன. அது ஒரு நாளோடு போவதில்லை. பூசைதோறும் வருகிறது. தூய்மையின் உச்சம் என்று நம்பும் நொடியிலேயே தன்னை அழுக்கின் உச்சமாகக் காண்கிற ஒருவர், மறுநாள் காலையிலும் எழுந்து அதே பீடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த நடிப்புக்காக ஷான் பீனுக்கு 2018-இல் பாஃப்டா விருது கிடைத்தது. விருதை விட்டுவிடுவோம். அந்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தொடரின் தலைப்பைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுக்கு இரண்டு சொற்கள் வந்து நின்றன. உடைந்தது என்று சொல்லலாம். பானை உடையும், எலும்பு உடையும், மனசு உடையும். பிட்டது என்றும் சொல்லலாம். அப்பத்தைப் பிட்கிறோம், தோசையைப் பிட்டுப் பிள்ளையின் வாயில் வைக்கிறோம். பிட்குவது ஊட்டுவதற்கு, பங்கிடுவதற்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்தான். தொடரை எழுதிய ஜிம்மி மெக்கவர்ன் அந்த ஒற்றைச் சொல்லைத் தலைப்பில் வைத்துவிட்டார். தமிழில் யோசிக்கும் நமக்கு இது வசதியாகப் போயிற்று. அவர் ஒரே சொல்லுக்குள் மூடி வைத்ததை நம்மால் இரண்டாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. ஆதித் திருச்சபையில் பூசைக்கே ‘அப்பம் பிட்குதல்’ என்றுதான் பெயர். உடைந்துபோன ஒரு மனிதர் மற்றவர்களுக்காகப் பிட்கப்படும் அப்பமாக மாறுகிற கதையாகத்தான் நான் இந்தத் தொடரைப் பார்க்கிறேன்.

சவேரியார் பள்ளிக்கூடத்துப் பையன்

மெக்கவர்ன் லிவர்பூல்காரர். 1949-இல், ஒன்பது பிள்ளைகள் கொண்ட தொழிலாளர் குடும்பம் ஒன்றில் ஐந்தாவதாகப் பிறந்தவர். 1840-களில் அயர்லாந்தைப் பஞ்சம் சூறையாடியபோது கப்பலேறித் தப்பியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய துறைமுகம் லிவர்பூல். இங்கிலாந்தின் மற்ற நகரங்களைவிட அங்கே கத்தோலிக்கம் தெருவோடு தெருவாகக் கலந்திருப்பதற்கு அதுதான் காரணம். சிறுவன் மெக்கவர்ன் படித்தது இயேசு சபையினர் நடத்திய புனித பிரான்சிஸ் சவேரியார் பள்ளியில்.

அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு நம் மணப்பாடு கடற்கரை நினைவுக்கு வந்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, உதவிக்கு ஆள் வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தாரே, அதே சவேரியார்தான். நம் கடற்கரைப் பிள்ளைகள் அன்று மனப்பாடம் செய்த அதே செபங்களைத்தான் லிவர்பூலின் தொழிலாளி வீட்டுப் பையனும் மனப்பாடம் செய்திருக்கிறான். ஊர் வேறு, மொழி வேறு. பாவசங்கீர்த்தனத் தொட்டியின் இருட்டும் சல்லடைக்கு அந்தப் பக்கம் கேட்கும் மூச்சுச் சத்தமும் ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, இந்தத் தொடரைப் பார்த்த ஆறு மணி நேரமும் அது எனக்கு அயலூர்க் கதையாகத் தோன்றவே இல்லை.

கிறிஸ்டினா என்ற பெண்ணிலிருந்து கதை கிளம்புகிறது. மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவர். ஆனா ஃபிரீல் நடித்திருக்கிறார். வேலை பார்க்கும் இடத்தில், திருப்பி வைத்துவிடலாம் என்ற எண்ணத்தில் கல்லாவிலிருந்து கொஞ்சம் பணம் எடுக்கிறார். வேலை போகிறது. தன் தவற்றால் வேலை இழந்தவருக்கு அரசின் உதவித்தொகையும் சட்டென்று கிடைக்காது என்பது அந்த நாட்டுச் சட்டம். வீட்டில் மகளின் புதுநன்மை நெருங்குகிறது. வெள்ளை உடுப்பும் முக்காடும் எடுக்கக் கடன் வாங்காத அம்மாக்கள் எந்தப் பங்கில் இருக்கிறார்கள்? அந்த நேரம் பார்த்துக் கிறிஸ்டினாவின் தாய் இறந்துபோகிறார். தாய்க்கு வர வேண்டிய ஓய்வூதியம் மட்டும் கைக்கு வந்துவிட்டால் கொஞ்ச நாள் ஓட்டிவிடலாம். கிறிஸ்டினா சாவை மறைக்கிறார். மேலே ஓர் அறையில் பெற்ற தாயின் சடலம். கீழே பிள்ளைகள்.

இது பாவமா? சட்டத்தின் கண்ணில் குற்றம், அதில் சந்தேகமில்லை. மெக்கவர்ன் அந்தக் கேள்வியை வேறு பக்கம் திருப்பிப் பிடிக்கிறார். தாயைப் புதைக்காமல் வைத்திருந்ததற்காக ஒரு பெண் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால், அவரை அந்த நிலைக்குத் தள்ளிய விதிகளை எழுதியவர்கள் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பார்கள்? மைக்கேல் இந்தக் கேள்வியைப் பிரசங்கமாக்கவில்லை. அவர் கிறிஸ்டினாவின் பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். தொடர் முழுக்க அவருடைய வேலையே அதுதான். யாராவது கூப்பிடுவார்கள், அவர் போவார். பலருக்கு அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஆனாலும் போவார்.

தொட்டிக்குள் சொன்ன ரகசியம்

ரோஸ் என்ற பெண்ணின் கதைதான் எனக்கு மிகவும் வலித்தது. வேலை பார்க்கும் நிறுவனத்தின் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பெருந்தொகையைச் சூதாட்ட இயந்திரத்தில் தொலைத்துவிட்டவர். விஷயம் வெளியே வரப்போகிறது என்று தெரிந்ததும் மைக்கேலிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வருகிறார். திருடியதைச் சொல்கிறார். அடுத்து, உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதையும் சொல்கிறார்.

தொட்டியில் கேட்டதை வெளியே சொல்லும் குரு அந்த நொடியே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிவிடுவார். அதற்கு விசாரணை வேண்டாம், தீர்ப்பு வேண்டாம். ஹிட்ச்காக் 1953-இல் எடுத்த ‘ஐ கன்ஃபெஸ்’ படத்தில் இந்த ரகசியம் ஒரு கொலைக் கதைக்கு விறுவிறுப்பைக் கொடுத்தது. மெக்கவர்ன் கையில் அது ஒரு மனிதரின் தோளில் வைத்த கல்லாகிவிடுகிறது. அவருக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. ரோஸைத் தேடிப் போகிறார். கெஞ்சுகிறார். வாழ்வதற்குக் காரணம் தேடித் தேடிக் கொடுக்கிறார். கடவுள் மன்னிப்பார் என்பதை ரோஸால் ஏற்க முடிகிறதோ இல்லையோ, தன்னைத் தானே மன்னிக்க அவரால் முடியவில்லை. கடைசியில் சொன்னபடியே செய்துவிடுகிறார்.

தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோவிலில் பூசை கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது என்று இருந்த காலத்தை நம் ஊர்களின் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டவர்களைச் சேர்க்கவில்லை. மனவேதனையின் கடுமை அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992-இன் மறைக்கல்வி நூல் சொல்கிறது. அத்தனை நூற்றாண்டுகள் அந்தக் குடும்பங்கள் பட்ட அவமானத்துக்கு இந்த மாற்றம் ஈடாகாதுதான். ஆனாலும் ரோஸ் போன்ற ஒருவரின் கதையை ஒரு குருவானவரின் கண்ணீரோடு சேர்த்துச் சொல்ல இன்று முடிகிறதென்றால், இந்த மாற்றமும் அதற்கு ஒரு காரணம்.

ரோஸின் பாவத்தை ரோஸின் தலையில் மட்டும் வைத்துவிட்டுத் தொடர் நகர்ந்துவிடவில்லை. அப்போது பிரிட்டனின் பந்தயக் கடைகளில் கடைக்கு நான்கு வரை வைக்கப்பட்டிருந்த அந்த மின்னணு இயந்திரங்களில் 20 விநாடிக்கு ஒரு முறை 100 பவுண்டு வரை கட்டலாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு குடும்பத்தின் மாதச் சோறு போய்விடும். ஏழைகள் வாழும் தெருக்களில்தான் கடைகளும் நெருக்கமாக இருந்தன. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2019 ஏப்ரல் 1 முதல் அந்த 100 பவுண்டு 2 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. அதை அமல்படுத்துவதில் அரசு இழுத்தடித்தது என்று சொல்லி, துறை அமைச்சர் டிரேசி கிரவுச் 2018 நவம்பரில் பதவி விலகியதும் நடந்தது. சூதாட்டம் தனிமனிதரின் பலவீனம் என்று எழுதிவிட்டுப் போவது எவருக்கும் எளிது. இயந்திரத்தை அந்தத் தெருவில் கொண்டுவந்து வைத்த கையையும் காட்ட வேண்டும் என்ற பிடிவாதம் மெக்கவர்னுக்கு இருந்தது.

பொறுத்தல்

பிறகு வெர்னன் வருகிறான். மனநலம் குன்றிய இளைஞன். தாய் ஹெலன். மகன் நிலைகுலைந்து கத்தியோடு நிற்கும் இரவில் ஹெலன் மைக்கேலுக்குத் தொலைபேசி செய்கிறார். மைக்கேல் சோர்ந்து கிடக்கிறார், எடுக்கவில்லை. எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் போகிற மனிதர், அந்த ஒரு இரவு மட்டும் போகவில்லை. போலீசார் வெர்னனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். தனக்குத் தெரிந்த சாமி வந்து பேசியிருந்தால் அவன் கத்தியைக் கீழே போட்டிருப்பானோ என்ற கேள்வியோடுதான் ஹெலனும் மைக்கேலும் இனி வாழ வேண்டும்.

சம்பவ இடத்தில் இருந்த காவலர் ஆண்ட்ரூ பவலுக்கு வேறு நெருக்கடி. அவர் பார்த்த உண்மை அவருடைய துறைக்கு உதவாது. மற்றவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகிற மாதிரி வாக்குமூலத்தை மாற்றச் சொல்லி மேலே இருப்பவர்கள் நெருக்குகிறார்கள். உண்மையைச் சொன்னால் கூட வேலை பார்ப்பவர்களை இழக்க வேண்டும், நிம்மதியை இழக்க வேண்டும், மனைவி மக்களும் அதில் பாதிக்கப்படுவார்கள்.

லிவர்பூல்காரர் ஒருவர் இந்தக் கதையைச் சும்மா எழுதிவிட மாட்டார். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரத்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்து பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் நசுங்கிச் செத்தார்கள். மொத்தம் 97 உயிர்கள். பழியை ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். 2012-இல் வந்த விசாரணைக் குழு அறிக்கை, 164 போலீஸ் வாக்குமூலங்கள் குறிப்பிடத்தக்க அளவில் திருத்தப்பட்டிருந்ததையும், அவற்றில் 116-இல் போலீசுக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்ததையும் வெளியே கொண்டுவந்தது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது 2016 ஏப்ரலில். இருபத்தேழு ஆண்டுகள். மெக்கவர்ன் 1996-இலேயே ‘ஹில்ஸ்பரோ’ என்ற நாடகத்தை எழுதி அந்தக் குடும்பங்களோடு நின்றவர். அந்த 164 பேரில் ஒருவராவது முதல் நாளே மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கத்திலிருந்துதான் ஆண்ட்ரூ பிறந்திருக்க வேண்டும். இது என் ஊகம்.

மைக்கேல் ஆண்ட்ரூவிடம் உண்மையைச் சொல்லச் சொல்கிறார். சொல்வது சுலபம். ஹெலன் கூப்பிட்டும் எடுக்காத உண்மை தன் மடியிலேயே கனக்கும்போது அடுத்தவரிடம் தியாகம் கேட்க அவருக்கு என்ன தகுதி? மன்னிப்பைப் பற்றிய தொடரின் மிக நேர்மையான இடம் இது என்பேன். குருவானவர் மேலே உட்கார்ந்து மன்னிப்பு வழங்குகிறவராக இருந்த நாற்காலி இங்கே காலியாகிறது. அவர் இறங்கி வந்து ஒரு கறுப்பினத் தாயின் முன்னால், மகனை இழந்தவரின் முன்னால், தன் தவற்றை ஒப்புக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இங்கே நம் மொழிக்குள் ஒரு நிமிடம் நிற்க ஆசை. தமிழ்க் கத்தோலிக்கர் அன்றாடம் சொல்லும், இயேசு கற்பித்த செபத்தில் மன்னிப்புக்கு நிற்கும் சொல் ‘பொறுத்தருளும்’ என்பது. சீர்திருத்தச் சபையார் ‘மன்னியும்’ என்பார்கள். சின்ன வயதில் எனக்கு ‘மன்னியும்’தான் சரியாகப் பட்டது, ‘பொறுத்தருளும்’ ஏதோ பழைய காலத்துப் பேச்சு மாதிரி இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. பொறுப்பது என்றால் தாங்குவது, சுமப்பது. பொறை என்றால் பாரம். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே பொறையுடைமை என்று பெயர் வைத்திருக்கிறார். ஒருவரைப் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லும்போது, அவர் செய்ததன் எடையை நான் தூக்கிக்கொண்டேன் என்றுதான் அர்த்தம். எடை காணாமல் போவதில்லை. தோள்தான் மாறுகிறது. மன்னிப்பும் தியாகமும் கிறிஸ்தவத்தில் ஏன் பிரிக்க முடியாதவை என்று இறையியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை இந்த ஒரு தமிழ்ச் சொல் தன்னுள்ளே வைத்திருக்கிறது. சிலுவை சுமந்தவர் என்று சொல்கிறோமே, அந்தச் சுமையும் இந்தப் பொறையும் வேறு வேறு இல்லை.

ஹெலனிடம் மைக்கேல் கேட்பதும் அதுதான். மகனைப் பறிகொடுத்த பாரத்தோடு இவருடைய குற்றத்தின் பாரத்தையும் சேர்த்துத் தூக்கச் சொல்லிக் கேட்கிறார். அது எவ்வளவு பெரிய வேண்டுதல் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவர் தலை குனிந்திருக்கிறது.

தியாகம் எப்போதும் ஒளிவீசுவது இல்லை என்பதும் மெக்கவர்னுக்குத் தெரியும். 2021-இல் அவர் எழுதிய ‘டைம்’ என்ற மூன்று பகுதித் தொடரில் எரிக் என்ற சிறைக் காவலர் வருகிறார். ஸ்டீபன் கிரகாம் நடித்தது. அவருடைய மகன் வேறொரு சிறையில் கைதி. போதைப்பொருளை உள்ளே கடத்திக் கொடுக்காவிட்டால் மகனின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று மிரட்டுகிறார்கள். இத்தனை வருடங்கள் கறைபடாத கை. மகனுக்காக அதைக் கறையாக்கிக்கொண்டு கடைசியில் தானே கைதியாகிறார். நற்செய்தியில் தந்தை தன் மகனைக் கையளிக்கிறார். இங்கே மகனுக்காகத் தந்தை தன் நேர்மையைக் கையளிக்கிறார். அது சரியா தவறா என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. அதே தொடரில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒருவரைக் கொன்றுவிட்டுச் சிறைக்கு வந்த ஆசிரியராக ஷான் பீனே நடித்தார். மறுபடியும் மன்னிப்புக்காக ஏங்கும் முகம். மறுபடியும் பாஃப்டா.

தகுதியற்ற கை

மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது திருச்சபை ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் சிறார் மீதான பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த சுதந்திர விசாரணை ஆணையம் கத்தோலிக்கத் திருச்சபை பற்றிய தன் அறிக்கையை 2020 நவம்பரில் வெளியிட்டது. 1970-க்கும் 2015-க்கும் இடையில் மட்டும் 900-க்கு மேற்பட்ட புகார்கள், 3,000-க்கு மேற்பட்ட சம்பவங்கள். பிள்ளைகளைக் காப்பதைவிடச் சபையின் நற்பெயரைக் காப்பதிலேயே பலர் குறியாக இருந்தார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. பாதிக்கப்பட்டவரைப் பார்த்து ‘மன்னித்துவிடு’ என்று சொல்லி வாயடைத்த பாவமும் இந்தச் சபைக்கு உண்டு. ஒரு கத்தோலிக்கராக இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. எழுதாமல் இருந்தால் அது இன்னும் பெரிய தவறு.

மெக்கவர்ன் இதிலிருந்து நழுவவில்லை. பீடத்தில் நிற்கும் குருவையே அந்தக் கொடுமைக்கு ஆளான பிள்ளையாக ஆக்கிவிட்டார். அழிம்பு செய்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்துகொண்டு, அதன் அங்கியையே போட்டுக்கொண்டு, அந்தக் காயத்தோடு மைக்கேல் சேவை செய்கிறார். அவருக்கு ஒரு துணை, அருட்தந்தை பீட்டர். ஏட்ரியன் டன்பார் மிக நிதானமாக நடித்திருக்கிறார். மைக்கேல் மனம்விட்டுப் பேசுவது அவரிடம்தான். தான் ஒரு வேடதாரி, பீடத்தில் நிற்கத் தகுதியில்லாதவன் என்பதுதான் மைக்கேலின் ஓயாத புலம்பல்.

இந்தப் புலம்பலுக்குத் திருச்சபை 1,600 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறது. பேரரசர் தியோக்கிளேசியன் காலத்தில், 303-இல் தொடங்கிய துன்புறுத்தலில், உயிருக்குப் பயந்து திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்ட குருக்கள் வட ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். அப்படிக் காட்டிக்கொடுத்தவர்கள் நிறைவேற்றும் அருட்சாதனங்கள் செல்லாது என்று தொனாத்துவாதிகள் பிரிந்து போனார்கள். புனித அகுஸ்தீன் அதை ஏற்கவில்லை. கொடுப்பவர் கிறிஸ்து, குருவின் கை அழுக்காக இருந்தாலும் கொடை அழுக்காவதில்லை என்று அவர் வாதாடினார். அவர் நிலைப்பாடுதான் நின்றது.

மைக்கேல் குருமடத்தில் இதைக் கண்டிப்பாகப் படித்திருப்பார். படித்ததனால் எழுந்தேற்ற நேரத்து நடுக்கம் நின்றுவிட்டதா? தன் பூசை செல்லும் என்று அவருக்குத் தெரியும். தான் செல்லாக்காசு என்ற எண்ணம்தான் போகவில்லை. கோட்பாட்டால் ஆற்ற முடியாத இடம் அது. எங்கிருந்து ஆறும் என்பதற்கு மெக்கவர்ன் ஒரு பதில் வைத்திருக்கிறார். அதைச் சொல்ல, அவருடைய பழைய படம் ஒன்றுக்குப் போக வேண்டும்.

1994-இல் அன்டோனியா பேர்ட் இயக்க, மெக்கவர்ன் எழுதிய படம் ‘பிரீஸ்ட்’. லிவர்பூலில் ஓர் இளம் குரு. தன்பாலீர்ப்பு உள்ளவர். அது ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், தந்தையாலேயே சீரழிக்கப்படும் ஒரு சிறுமி பாவசங்கீர்த்தனத்தில் வந்து சொன்னதை வெளியே சொல்ல முடியாமல் அவர் செத்துச் செத்துப் பிழைக்கிறார். படத்தின் கடைசியில் அவர் பூசைக்குத் திரும்பி வருகிறார். நன்மை கொடுக்க இரண்டு குருக்கள் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். சனம் முழுக்க மற்றவரின் வரிசையில் போய் நிற்கிறது. இவர் கையில் அப்பத்தோடு தனியாக நிற்கிறார். எதிரே யாருமில்லை. நேரம் போகிறது. அப்போது கூட்டத்திலிருந்து அந்தச் சிறுமி மட்டும் நடந்து வருகிறாள். எவளைக் காப்பாற்றத் தவறினாரோ அவளே வந்து கை நீட்டுகிறாள். அவர் உடைந்து அழ, அவள் அவரைக் கட்டிக்கொள்கிறாள். அந்தப் படத்தை எதிர்த்து அமெரிக்காவில் கத்தோலிக்க அமைப்புகள் தெருவில் இறங்கின. அந்தக் கடைசிக் காட்சியைவிட நற்செய்திக்கு நெருக்கமான ஒரு காட்சியை நான் திரையில் அதிகம் பார்த்ததில்லை.

இருபத்து மூன்று வருடம் கழித்து, ‘புரோக்கன்’ தொடரின் முடிவில், மெக்கவர்ன் அதே வரிசைக்குத் திரும்பி வருகிறார்.

மைக்கேலின் தாய் இறந்துவிட்டார். அடக்கப் பூசையை மகன்தான் நிறைவேற்றுகிறார். இதோடு குருத்துவத்தை விட்டுவிடுவது என்று மனத்துக்குள் முடிவெடுத்தாகிவிட்டது. நன்மை நேரம். சனம் எழுந்து வருகிறது. குரு அப்பத்தை எடுத்துக் காட்டி ‘கிறிஸ்துவின் திருவுடல்’ என்பார், வாங்குகிறவர் ‘ஆமென்’ என்பார். உலகம் முழுக்க அவ்வளவுதான் வழக்கம். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

முதலில் வருகிறவர் ‘ஆமென்’ என்கிறார். என்றுவிட்டு, நகராமல், நீங்கள் அருமையான குருவானவர் என்று மெல்லச் சொல்கிறார். அடுத்தவரும் அதையே சொல்கிறார். அதற்கடுத்தவரும். தொடர் முழுக்க நாம் சந்தித்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவர் யாருக்காக ஓடினாரோ அவர்கள், யாரிடம் தவறினாரோ அவர்கள். குருவானவர் கொடுக்க, சனம் வாங்குவதுதான் பூசையின் ஒழுங்கு. இந்த வரிசையில் யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தொட்டிக்குள் பிறருக்கெல்லாம் அவர் சொல்லி அனுப்பிய பாவப்பொறுத்தல், பங்குச்சனத்தின் வாய் வழியாக அவரிடமே திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

1994-இல் ஒரு சிறுமி மட்டும் நின்ற இடத்தில் இப்போது ஒரு பங்கே நிற்கிறது. மைக்கேல் அடுத்த அப்பத்தை எடுக்கிறார்.